கணக்கில் போட்டாச்சு

பாசலில் இருந்து அண்ணா வந்தார்,
பதினாறு நாள் தீவு விடுமுறை.
சீகிரியா ஏறி, எல்லவில் ரயில் ஏறி,
மிரிசவில் திமிங்கிலம் பார்த்து
பதின்மூன்றாம் நாள் எங்களுக்கு.

கள்ளப்பாட்டில் நான் சமைக்கிறன் என்றேன்.
"வேண்டாம் தங்கச்சி, உனக்கேன் கரைச்சல்.
எல்லாரும் வெளியில சாப்பிடுவம், குடும்பமாய்."
குடும்பமாய் வெளியில் நாங்கள் சாப்பிட்டது
கோயில் மடத்தில்,
பிறகு, சொல்லத் தேவையில்லாத வரிசைகளில்.

முல்லைத்தீவுக் கடற்கரையில் புதிதாய்த் திறந்த கடை.
ஒன்பது பேருக்கு மூன்று மேசை இழுத்து ஒட்டினார்கள்.
உயரம் ஒத்துவராமல் நடுவில் ஒரு படி.
அந்தப் படியில் என் தண்ணீர்க் கிளாஸ்
சரிந்தபடியே இருந்தது.

மருமகன் நிலோஜன் கேட்டான்,
"மாமி, இதுவும் தீவா? தீவுக்குள்ள தீவா?"
"பேரில மட்டும்தான்."
"அப்ப ஏன் அப்பிடி வைச்சவை?"
ஆருக்குத் தெரியும்.
பதினாறு வயதுவரை எனக்கு
இலங்கை ஒரு தீவு என்பது
பாடப் புத்தகத்தில் இருந்த படம்.
எங்கட நிலம் ஓமந்தையில் முடிந்தது.
அதற்கு அங்கால் கடல் என்று சொல்லியிருந்தாலும்
நம்பியிருப்பேன்.

மெனு வந்தது, பிளாஸ்ரிக் உறைக்குள், படங்களோடு.
என் கண் படங்களுக்குப் போகவேயில்லை,
வலப்பக்க எண்களில் ஏறி இறங்கியது.
"எனக்குப் பசியில்லை, ஒரு பிளேன்ரீ காணும்."
அண்ணி சிரித்தா,
"மச்சாள், விடுமுறையில கணக்குப் பாக்கக் கூடாது."
விடுமுறை அவைக்கு.

கணவாய் டெவில் வந்தபோது
என்ர மனுசன் தயாபரன்
முள்ளுக்கரண்டியால் ஒரு துண்டைப் பிரட்டிப் பார்த்தார்.
எனக்கு விளங்கிவிட்டது.
விடிய ஆறரைக்குக் கரையில் அவர் நிறுத்துக் கொடுத்தது,
கிலோ ஆயிரத்து முந்நூறு.
இங்கே ஒரு கோப்பை மூவாயிரத்து இருநூறு,
கறிமிளகாயும் வெங்காயமும் சேர்த்து.
சின்னவள் யதுஷா, "அப்பான்ர கணவா..."
என்று வாயெடுக்க
மேசைக்குக் கீழே காலால் தட்டினேன்.

அண்ணாவின் மகள் படம் எடுக்கும்வரை
எட்டுப் பேரும் கையை மடியில் வைத்திருந்தோம்.
ஈ மட்டும் கேட்கவில்லை.

அண்ணா ஒரு துண்டை வாயில் வைத்துக் கண்ணை மூடினார்.
"இப்பிடி ஒரு கணவாய் பாசலில கிடையாது."
தயாபரன் குனிந்து சிரித்தார்,
எங்கட கலியாணப் படத்தில் இருக்கிற சிரிப்பு.

பில்லுக்கு அண்ணா கையைத் தூக்கினார்,
விரலிடையில் அட்டை.
வெயிட்டர் பொடியன் தயங்கினான்.
"கணக்கில போட்டாச்சு ஐயா."
"ஆற்ர கணக்கில?"
பொடியன் தயாபரனைப் பார்க்க,
தயாபரன் கடலைப் பார்க்க,
அட்டை கொஞ்ச நேரம் காற்றில் நின்று
பிறகு இறங்கியது.

"விசரா உனக்கு? கூப்பிட்டது நான்."
"எங்கட ஊருக்கு வந்தது நீங்கள், மச்சான்."
வள்ளத்து எஞ்சின் அண்ணா அனுப்பின காசு.
அது ரெண்டு பேருக்கும் தெரியும்.
ரெண்டு பேரும் அதைத் தொடவில்லை.
ஐஸ்கிறீம் உருகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நான் பெருத்துப் பிரித்தேன்:
இருபத்து மூவாயிரத்து எழுநூற்று அறுபது,
பதினெட்டுக் கிலோ கணவாய், அதற்கு மேலும் கொஞ்சம்.
"பத்து வீத சேர்விஸ் ஆருக்கு?" என்று பாய்ந்தேன்.
"மேசை ஒட்டினதுக்கு" என்றார்,
மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

ரெண்டரைக்கு எழும்பிப் போனார்.
கையில் றெஜிபோம் பெட்டி,
அதற்குள் மிச்ச றைஸ்,
நிலோஜன் ஒதுக்கி வைத்த ரெண்டு இறால்.

அண்டைக்குக் கணவாய் படவில்லை.
வலையை உதறிக்கொண்டே சொன்னார்,
"றைஸ் ஆறினாப் பிறகுதான் ருசி."